மணலும் மெத்தையும்

2021ஆம் ஆண்டு தோக்கியோ ஒலிம்பிக் விழாவில் இலங்கைக் கொடியைத் தாங்கிச் சென்ற இருவருள் ஒருவர் மில்கா கெஹானி. ஒலிம்பிக் அரங்கில் ஜிம்னாஸ்டிக் எனப்படும் சீருடற்பயிற்சியில் இந்நாட்டின் சார்பாக முதன்முதல் இறங்கியவரும் அவரே. அந்நிலையை எய்துதற்கு அப்பெண் யப்பானிலே தங்கிப் பயில வேண்டியிருந்தது. இதனைப் பெருமையென்று மட்டும் பேசிக் கலைதல் தகுமா?

தலவில அன்னம்மாள் ஆலயத் திருவிழாக் காலங்களில், அருகேயுள்ள கடற்கரையிற் சிறுவர் கரணம் போடுவதை நான் கண்டிருக்கிறேன். அவர்தம் துணிவு மணல் தந்தது. ஆயின் மணல் தாங்குமேயன்றி உந்தாது. ஓடிவந்து மிதிக்கும் காலின் விசையை அது விழுங்கிவிடும். ஆதலின் ஒரு கரணம் போடும் சிறுவனுக்கு அந்தரத்தில் இரண்டாவது கரணம் எட்டுவதில்லை. விசையைத் திருப்பித் தரும் வில்லுப்பலகையும், வீழ்ச்சியை ஏற்கும் நுரைப்பஞ்சுக் குழியும் ஒருங்கே அமைந்த கூடத்திலேதான் அது கைகூடும். அங்கே ஓர் அசைவிற் பன்முறை தவறியவனும் மறுநாள் ஊறின்றி வரலாம்.

பொருளில்லாத ஊர் என் செய்யும் என்பார்க்கு இந்தியாவின் வடகிழக்கிலுள்ள அகர்தலாவைக் காட்டலாம். தீபா கர்மாகர் அந்நகரினர். பழைய ஸ்கூட்டர் உதிரிகளைக்கொண்டு ஒப்பேற்றிய பலகையில் அவர் தாவிப் பயின்ற கதையைப் பலரும் வியந்து எழுதினர். எனக்கோ, விஸ்வேஸ்வர் நந்தி என்னும் ஆசான் அவரைச் சிறுவயது முதல் விட்டகலாதிருந்தமையும், திரிபுராவில் முன்னமே இக்கலைக்கு ஒரு பரம்பரை இருந்தமையும் அதனினும் பெரிதாகத் தோன்றுகின்றன. 2016இல் ரியோவில், முன்னோக்கி இரு கரணம் போட்டு இறங்கும் புரொடுனோவா என்ற அபாயத் தாவலையும் செய்து, 15.066 புள்ளியுடன் நான்காமிடம் பெற்றார். வெண்கலம் 0.15 புள்ளியால் தவறிற்று. ஸ்கூட்டர்க் கதையைப் பாடிப் பாடியே, நல்ல கருவிகள் வேண்டாமென்று நம் அதிகாரிகள் முடிவுசெய்யாதிருப்பார்களாக!

கருவிகள் நிறைந்த இடமும் கேடாகலாம். டெக்சாஸ் மாநிலத்துக் கரோலி பண்ணையில் அமெரிக்க அணிச் சிறுமியர் பயின்றனர், பதக்கங்கள் குவிந்தன. பெற்றோர்க்கு அங்கே இடமில்லை. அணி மருத்துவர் லாரி நாசர் அங்கும் பிறவிடங்களிலும் இழைத்த பாலியற் கொடுமைகள் பற்றி, 2018இல் 150க்கு மேற்பட்ட வாக்குமூலங்கள் நீதிமன்றில் ஒலித்தன. புத்தளக் கரையில் என்றேனும் ஒரு கூடம் எழுமாயின், குழிக்கும் பலகைக்கும் பணம் ஒதுக்கும்போதே, தாய்மார் அமர்ந்து பார்க்க ஒரு வாங்குக்கும் ஒதுக்குதல் வேண்டும்.