கடல் வளத்தில் பங்கு யாருக்கு?

வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து ஆழ்கடல் செல்லும் பலநாட் கலங்களும், ஓட்டமாவடிப் பாலத்தை அண்டி வலை வீசும் தோணிகளும் தமிழ், முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றின் வாழ்வாதாரமாகும். எனினும், இவ்விரு தொழில்களுக்கும் ஒரே விதி பொருந்தாது.

இந்து சமுத்திரத்தில் மஞ்சட் செட்டைச் சூரை அளவுக்கு மீறிப் பிடிக்கப்படுவதாக 2015இல் மதிப்பிடப்பட்டது. இதனையடுத்து, இலங்கையும் அங்கம் வகிக்கும் இந்து சமுத்திர சூரை மீன் ஆணைக்குழு, 2016இல் பிடிப்பைக் குறைக்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது. நாடுகளுக்கு எல்லை விதிக்கப்படும்போது, அதனைக் கலங்களுக்கிடையே பங்கிடுவது எவ்வாறு என்ற வினா எழவே செய்யும். சர்வதேச விதிகளைப் புறக்கணித்ததன் விலையை, 2015 ஜனவரியில் நடைமுறைக்கு வந்து 2016இல் நீங்கிய ஐரோப்பிய ஒன்றியத் தடை எமக்கு உணர்த்தியது.

தனிநபர் பிடிப்பு ஒதுக்கீடு இதற்கு ஒரு வழியாக முன்வைக்கப்படுகின்றது. தமக்குரிய பங்கு உறுதியாக இருப்பதால், பிறரை முந்திப் பிடிக்கும் அவசரம் தணிகின்றது என்பது உண்மையே. ஆனால், ஐஸ்லாந்தின் அனுபவத்தையும் நோக்க வேண்டும். அங்கு 1984இல் முன்னைய பிடிப்பின் அடிப்படையில் கலங்களுக்குப் பங்கு வழங்கப்பட்டது. 1990ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தாராளமாக விற்கவும் வாங்கவும் இடமளித்தது. பங்குகள் பெரிய நிறுவனங்களிடம் குவிந்தன. சிறிய கரையோர ஊர்கள் பல தொழிலை இழந்தன. பங்கு பெறாத மீனவர்களுக்குப் பாரபட்சம் இழைக்கப்பட்டதாக ஐ.நா. மனித உரிமைகள் குழு 2007இல் கருத்து வெளியிட்டது. 1986இல் ஒதுக்கீட்டு முறையைக் கொண்டுவந்த நியூசிலாந்தும், மாவோரி மக்களின் மீன்பிடி உரிமைக்காக 1992இல் தனியான இணக்கப்பாட்டுக்கு வர நேர்ந்தது.

இங்கும் கல உரிமையாளர் பெயரில் மட்டும் பங்கு எழுதப்படின், செலவு போக எஞ்சும் வருமானத்தில் கூலி பெறும் தொழிலாளியின் கதி என்ன? கடனில் மூழ்கிய சிறு உரிமையாளர் தமது பங்கை விற்றுவிட்டால், அது இப்பிரதேசத்துக்கு மீண்டும் கிட்டுமா?

வாவிக்கோ இம்முறை அறவே ஒவ்வாது. இறாலும் நண்டும் பலவகை மீன்களும் கலந்து அகப்படும் இடத்தில், எண்ணற்ற சிறு துறைகளில் நாளாந்தப் பிடிப்பை நிறுத்துக் கணக்கிடுவது யார்? 2006இல் தடை செய்யப்பட்ட தங்கூசி வலையை ஒழிப்பதும், கண்டல்களைக் காப்பதுமே அங்கு முதற் தேவை.

ஆகவே, ஒதுக்கீடு அவசியமாயின் அது கைமாற்ற முடியாததாகவும், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களின் கையிலும் இருத்தல் வேண்டும். கடற்றொழில் அமைச்சு இரு சமூகங்களின் சங்கங்களையும் ஒரே மேசையில் அமர்த்திக் கருத்தறிந்த பின்னரே முடிவெடுக்க வேண்டும். மீன் வளத்தைக் காப்பதன் பெயரால் மீனவன் கரையொதுக்கப்படலாகாது.