கூரைக்குக் கல்தான் காப்பா?

ஆனி பிறந்தால் குற்றாலத்தில் சாரல். வெளியூர்க்காரர்கள் அருவியில் தலையைக் கொடுத்துக் குளித்துவிட்டு, தென்காசிக் கோபுர வாசலில் நின்று "ஆகா, என்ன காற்று!" என்று மெச்சிவிட்டு ஊர் திரும்புகிறார்கள். அதே காற்று அடிக்கும் இரவில் நம் விவசாயத் தொழிலாளியின் குடும்பம் என்ன செய்கிறது? கூரைத் தகரத்தின் மேல் கருங்கல்லையும் மணல் மூட்டையையும் பழைய டயரையும் ஏற்றி வைத்துவிட்டு, தகரம் படபடக்கும் சத்தத்தில் கண் விழித்துக் கிடக்கிறது.

செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் இந்தக் காற்றின் பலம் பணம் படைத்தவர்களுக்குத் தெரியாததல்ல. சுரண்டை, ஆய்க்குடிப் பக்கம் வரிசையாகச் சுழலும் காற்றாலைகளே சாட்சி. தமிழ்நாட்டு நூற்பாலை முதலாளிகள் பலர் சொந்தக் காற்றாலை வைத்து ஆலைக்கு மின்சாரம் எடுக்கிறார்கள். அந்தக் கோபுரம் சாயாமலிருக்க எஞ்சினியர் கணக்குப் போடுகிறார். அதன் நிழலில் களை பறிப்பவளின் வீட்டுக்குக் கணக்குப் போடுவது யார்?

கணக்கே இல்லை என்று சொல்ல முடியாது. ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி என்ற இந்தியத் தர விதி கடைசியாக 2015இல் திருத்தப்பட்டது. கட்டடம் எந்த ஊரில் எவ்வளவு காற்றைத் தாங்க வேண்டும் என்று அது சொல்கிறது. சென்னைக்கு விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோ மீட்டர். நமக்கு இருபுறமும் உள்ள மதுரைக்கும் திருவனந்தபுரத்திற்கும் விநாடிக்கு 39 மீட்டர், மணிக்குச் சுமார் 140 கிலோ மீட்டர்.

இதன் பொருளைத் தொழிலாளி தன் கையால் எடை போட்டுப் பார்க்கலாம். 140 கிலோ மீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டரில் சுமார் 90 கிலோ அழுத்தம் கொடுக்கிறது. வேகம் பாதியானால் அழுத்தம் கால் பங்காகும். அப்போதும் 22 கிலோ. தகரத்தின் கனமோ சதுர மீட்டருக்கு ஐந்து கிலோ அளவுதான்! காற்று கூரையை அமுக்குவதைவிட மேல்நோக்கி உறிஞ்சுவதே அதிகம். ஓரத்திலும் மூலையிலும் அந்த இழுப்பு இன்னும் கடுமை. காற்று வரும் பக்கத்துக் கதவு திறந்துகொண்டால் உள்ளேயிருந்தும் தள்ளும். கல் வைப்பது இதற்கு மருந்தல்ல. கூரை கிளம்பினால் அந்தக் கல்லே பிள்ளைகள் தலையில் விழும். தகரத்தைச் சட்டத்தோடு கொக்கி போல்ட்டால் இறுக்கி, சட்டத்தைச் சுவரோடு இரும்புப் பட்டையால் கட்டி, சுவரை அஸ்திவாரத்தோடு பிணைக்க வேண்டும். நான்கு அங்குல கான்கிரீட் தளமென்றால் சதுர மீட்டருக்கு 250 கிலோ. காற்று அதைத் தூக்குவது எளிதல்ல.

விதி பலன் தருமா என்றால், தரும். அமெரிக்காவில் 1992இல் ஆண்ட்ரூ புயல் புளோரிடாவைச் சூறையாடியது. அங்கேயும் விதி இருந்தது. ஆணி ஒழுங்காக அடித்தார்களா என்று பார்க்கத்தான் ஆளில்லை. பிறகு விதியைக் கடுமையாக்கி 2002 முதல் அமல் செய்தார்கள். 2004இல் சார்லி புயல் வந்தபோது புதிய விதிப்படி கட்டிய வீடுகள் பழைய வீடுகளைவிட நன்றாகத் தாங்கின.

நம் நாட்டிலோ விதி காகிதத்தில் நிற்கிறது. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது டெல்டாவின் குடிசைகளும் ஓட்டு வீடுகளும் சிதறின. அவற்றுக்கு எந்த எஞ்சினியர் வரைபடம் போட்டார்? புயல் அடிக்கும் கிழக்குக் கடலோரத்தில் 60 கிலோ மீட்டர் வரை அதே 2015 விதி இன்னொரு பெருக்கல் சேர்க்கிறது: ஆஸ்பத்திரிக்கும் புயல் காப்பகத்திற்கும் 1.30, தொழிற்சாலைக்கு 1.15, மற்றக் கட்டடங்களுக்கு 1.00. ஆஸ்பத்திரிக்குக் கூடுதல் பலம் வேண்டும்தான். அதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் மெஷினுக்குக் கொடுத்த பதினைந்து பங்கு மனிதன் தூங்கும் வீட்டுக்கு ஏன் இல்லை? தென்காசி அந்தக் கடலோரப் பட்டையில் சேராது. எனினும் இங்கே பீடி சுற்றும் பெண்களுக்கு வீடேதான் தொழிற்சாலை. கூரை பறந்து இலை நனைந்தால் அன்றைய கூலியும் போகிறது.

2024இல் சர்க்கார், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டுவோருக்குச் சுயசான்றின் பேரில் உடனடி அனுமதி தந்தது. அலுவலகத்துக்கு அலையும் அலைச்சல் குறைந்தால் நல்லதே. ஆனால் கூரையின் பிணைப்பைக் கண்ணால் பார்ப்பது யார்? அதே ஆண்டு வந்த கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய். 360 சதுர அடியில் 300 சதுர அடி கான்கிரீட் கூரை. இதை வரவேற்கிறோம். மீதி 60 சதுர அடிக்குத் தீப்பற்றாத பொருள் வேண்டுமென்று நிபந்தனை உண்டு. காற்றில் பறக்காத பிணைப்பும் வேண்டுமென்று ஏன் கண்டிப்பாக எழுதக்கூடாது? பட்டா இல்லாமல் புறம்போக்கிலும் குளத்தங்கரையிலும் கிடப்பவனுக்கு அந்த வீடும் இல்லை. லைன் வீட்டு வாடகைக்காரனுக்கோ, வாடகை வாங்கும் கை கூரைக்கு ஒரு போல்ட் வாங்க நீள்வதில்லை.

ஆகவே நாம் கேட்பது இதுதான். சர்க்கார் செலவில் எழும் ஒவ்வொரு வீட்டிலும் கூரைப் பிணைப்பைச் சோதித்த பிறகே கடைசித் தவணை கொடுக்க வேண்டும். பழைய தகர, கல்நார் வீடுகளுக்குக் கொக்கியும் பட்டையும் ஊராட்சி ஒன்றியம் இலவசமாக வழங்கி, உள்ளூர்க் கொத்தனார்களுக்கு வேலையைக் கற்றுக் கொடுக்க வேண்டும். குடியிருக்கும் மனைக்குப் பட்டா வேண்டும்.

மே முதல் தேதி கிராம சபை கூடும் நாள். சாரலுக்கு அப்போது ஒரு மாதம்தான் பாக்கி. கிளைத் தோழர்கள் அதற்குள் தெருத் தெருவாகச் சென்று, எந்த வீட்டுக் கூரை கல்லை நம்பி நிற்கிறது என்று பட்டியல் எடுத்து, சபையில் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும்.