மயானக் கொள்ளையும் ஒரு விடுப்புப் பட்டியலும்

மாசி மாதம் மகா சிவராத்திரியை ஒட்டி மேல்மலையனூரில் மயானக் கொள்ளை நடக்கும். அங்காளம்மன் சுடுகாட்டுக்குப் புறப்படுவாள். வேண்டிக்கொண்டவர்கள் தானியத்தையும் காய்கறியையும் சில்லறையையும் இறைப்பார்கள். மற்ற நாளில் சுடுகாட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள்கூட அன்றைக்கு முண்டியடித்துப் பொறுக்குவார்கள். சாம்பல் அன்று பிரசாதம். திருவிழா முடிந்ததும் சுடுகாடு மறுபடியும் தீட்டாகிவிடும். அங்கே குழி வெட்டுகிறவரும்தான்.

என் தாத்தா மேல்மலையனூருக்கும் செஞ்சிக்கும் இடையில் இருக்கும் ஒரு கிராமத்தின் வெட்டியான். சாவுச் சேதி சொல்ல ஓட வேண்டும், பறை அடிக்க வேண்டும், குழி வெட்ட வேண்டும், பிணம் வேகும்வரை காவல் இருக்க வேண்டும். அறுப்புக் காலத்தில் சில மரக்கால் நெல் கொடுப்பார்கள். அதற்குப் பெயர் கூலிகூட இல்லை. தன் அம்மா இறந்த அன்று தாத்தாவால் பிணத்தின் பக்கத்தில் உட்கார முடியவில்லை. அதே நாளில் ஊர்த் தெருவிலும் ஒரு சாவு. முதலில் அந்தக் குழியை வெட்டிவிட்டு, இருட்டிய பிறகு வந்து தன் அம்மாவுக்கு வெட்டினார். இதை அப்பா எனக்குச் சொன்னபோது நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அப்போது கோபம்கூட வரவில்லை. அது அப்படித்தான் என்று நினைத்தேன்.

கோபம் வந்தது பல ஆண்டுகள் கழித்து, லண்டனில்.

மேற்படிப்புக்காகப் போயிருந்த ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போனேன். 1753இல் நிறுவப்பட்டது. நிரந்தரக் கூடங்களுக்குக் கட்டணம் இல்லை, மாணவனுக்கு அதுவே பெரிய காரணம். எகிப்தின் மம்மிகளைப் பார்க்க நல்ல கூட்டம். கண்ணாடிப் பெட்டிக்குள் துணி சுற்றிய உடல்கள். சுற்றிலும் குழந்தைகள், கேமராக்கள். இதுவும் ஒரு மயானக் கொள்ளைதான் என்று தோன்றியது. எங்கள் ஊரில் இறைப்பதை அள்ளுவார்கள். இங்கே ஒரு பேரரசு, கல்லறைகளில் இருந்ததையே அள்ளி வந்து வைத்திருக்கிறது. இன்னொன்றும் தோன்றியது. இத்தனை பிணங்களைப் பார்த்துவிட்டு வெளியே போகும் ஒருவரும் தலைமுழுகப் போவதில்லை. எங்கள் ஊரிலோ தாத்தா தெருவில் நடந்தாலே தீட்டு.

மம்மிகளைவிட என்னை நிறுத்தியது ஒரு சுண்ணாம்புக் கல் பலகை. மன்னர்களின் கல்லறைகளைக் குடைந்து கட்டிய தொழிலாளர்கள் வாழ்ந்த டெயிர் எல்-மெடினா என்ற ஊரைச் சேர்ந்தது. இரண்டாம் ராமசேஸ் ஆட்சியின் 40ஆம் ஆண்டு, அதாவது ஏறத்தாழ 3,250 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட வருகைப் பதிவேடு. 40 தொழிலாளர்களின் பெயர்கள். யார் எந்த நாள் வேலைக்கு வரவில்லை, ஏன் வரவில்லை என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ஒருவரைத் தேள் கொட்டியது. ஒருவருக்குக் கண் நோய். ஒருவர் பீர் காய்ச்சப் போனார். ஒருவர் வீட்டுப் பெண்ணுக்கு மாதவிலக்கு. இன்னொருவர் தன் தாயின் உடலைத் துணியால் சுற்றப் போயிருந்தார்.

தாயின் பிணத்தோடு இருக்க விடுப்பு. கல்லறை வேலை செய்த ஒருவருக்கு, 3,250 ஆண்டுகளுக்கு முன்பு. என் தாத்தாவின் நினைவு வந்து, அந்தப் பெட்டியின் முன்னாலேயே வெகுநேரம் நின்றேன்.

பண்டைய எகிப்தைச் சமத்துவபுரமாக்க நான் வரவில்லை. அந்தப் பதிவேடு வேலை வாங்குகிறவர்கள் வைத்த கணக்கு. மன்னர் கல்லறையில் வேலை செய்தவர்கள் ஓரளவு வசதி பெற்ற கைவினைஞர்கள். அவர்களுக்கே, மூன்றாம் ராமசேஸின் 29ஆம் ஆண்டில், கூலியாக வர வேண்டிய தானியம் வராமல் போனது. வேலையை நிறுத்திவிட்டுக் கோயில்களுக்குப் போய் உட்கார்ந்தார்கள். வரலாற்றில் பதிவான முதல் வேலைநிறுத்தமாகச் சொல்லப்படும் அந்தப் போராட்டத்தின் பாப்பிரஸ் இன்று இத்தாலியின் டூரின் நகரத்து எகிப்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பிணத்தைத் தொடுகிறவரை வெறுக்கும் பழக்கமும் அங்கே இருந்தது. கி.மு. முதல் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் டயோடோரஸ் எழுதிவைத்திருக்கிறார்: உடலைப் பதப்படுத்த முதலில் விலாவைக் கீறுகிறவர், கீறியதும் ஓடிவிட வேண்டும். கூடியிருப்பவர்கள் கல்லெறிந்து துரத்துவார்கள். ஆனால் அதே உடலைப் பதப்படுத்துகிறவருக்கு மரியாதை உண்டு, கோயிலுக்குள் தடையின்றிப் போகலாம். வேலை எல்லோருக்கும் வேண்டும், செய்கிறவர் மட்டும் வேண்டாம். இதைப் படித்தபோது நான் நைல் கரையை நினைக்கவில்லை, எங்கள் ஊரை நினைத்தேன். வித்தியாசம் ஒன்றுதான். டயோடோரஸ் சொல்லும் கல்லடி எகிப்தோடு முடிந்துவிட்டது. எங்கள் ஊரின் கல்லடி இன்னும் முடியவில்லை.

முடியவில்லை என்பதற்குப் பழங்கதை தேவையில்லை. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், ஆதிக்கச் சாதியினரின் நிலத்தின் வழியே போக முடியாமல், ஒரு தலித்தின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். தமிழ்நாடே அந்தக் காணொளியைப் பார்த்தது. 2021இல், சாதி வேறுபாடற்ற மயானம் உள்ள சிற்றூர்களுக்கு 10 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை என்று அரசு அறிவித்தது. பொதுச் சுடுகாட்டுக்குப் பரிசு கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதே நாம் எங்கே நிற்கிறோம் என்பதைச் சொல்லிவிடும்.

ஊர் திரும்பிய பிறகு செஞ்சிக் கோட்டைக்குப் போனேன். 2025 ஜூலையில் யுனெஸ்கோ அதை மராத்திய ராணுவ நிலப்பரப்புகளில் ஒன்றாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளைச் சொல்வார்கள். நான்காவதாகச் சிறு குன்று ஒன்று உண்டு. அதன் பெயர் சக்கிலி துர்க்கம். கோன்கள், நாயக்கர்கள், பீஜப்பூர் சுல்தான்கள், 1677இல் பிடித்த சிவாஜி, தேசிங்கு ராஜா என்று ஆண்டவர்கள் வரிசை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். அந்தக் கற்களைச் சுமந்தவர்களில் ஒருவர் பெயரையும் நான் அங்கே படித்ததில்லை. உழைத்தவர்களுக்கு மிஞ்சியது ஒரு குன்றின் தலையில் ஒட்டிய சாதிப் பெயர்.

பாரம்பரியம் என்று நாம் கொண்டாடுவது யாருடைய கணக்கு என்று கேட்க வேண்டும். ஊர் என் தாத்தாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, "வெட்டியான்" என்றுதான் கூப்பிட்டது. அவர் எத்தனை குழி வெட்டினார், எந்த நாளில் காய்ச்சலோடு வெட்டினார் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டும் இல்லை.

இளைய தோழர்கள் இரண்டு வேலை செய்யலாம். உங்கள் ஊரில் குழி வெட்டியவர்களின் பெயர்களைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். அது ஆவணம். அதோடு, சுடுகாட்டு வேலை பிறப்பால் வருவதாக இருக்கக் கூடாது, மாதச் சம்பளமும் விடுப்பும் பாதுகாப்புக் கருவிகளும் உள்ள ஊராட்சிப் பணியாக வேண்டும், யாரும் விண்ணப்பிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் கேளுங்கள். மயானம் ஒன்றாக வேண்டும், வழியும் ஒன்றாக வேண்டும்.

என் பங்குக்கு ஒரு நோட்டு வாங்கியிருக்கிறேன். முதல் வரியில் தாத்தாவின் பெயர். அதற்கு எதிரே எழுதியிருப்பது: அம்மா இறந்த நாள், விடுப்பு தரப்படவில்லை.