வண்டி வாங்கலாம், எங்கே செருகுவது?

சென்ற வாரம் மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து நங்கநல்லூர் வர பைக் டாக்சி பிடித்தேன். ஆட்டோ கேட்டதில் பாதிக் காசு. (வீட்டில் இன்னும் திட்டு ஓயவில்லை.) கிண்டி நெரிசலில் நின்றபோது ஓட்டி வந்தவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"பேட்டரி வண்டி வாங்கக் கூடாதா தம்பி?"

"வாங்கலாம் சார். எங்க சார்ஜ் போடறது?"

ஆதம்பாக்கத்தில் இரண்டாம் மாடியில் வாடகை வீடாம். கீழே இருக்கும் பிளக் வீட்டுக்காரருடையது, தொட விடமாட்டார்.

தினம் 120 கிலோமீட்டர் ஓடுகிறார். லிட்டருக்கு 45 என்று வைத்தாலும் பெட்ரோலுக்கே 270 ரூபாய் போய்விடும். மின்ஸ்கூட்டருக்கு அதே தூரம் நாலைந்து யூனிட். யூனிட் பத்து ரூபாய் என்றாலும் ஐம்பதுக்குள் அடங்கும். ஆனால் ஒரே சார்ஜில் அத்தனை தூரம் ஓடாத வண்டிகளே அதிகம். மத்தியானம் மூன்று மணி நேரம் செருகிவிட்டு உட்கார்ந்தால் அந்த நேரத்துச் சவாரி போயிற்று.

டில்லி அரசு 2023இல் கொண்டுவந்த திட்டத்தில் பைக் டாக்சி என்றால் மின்வண்டிதான் என்று எழுதிவிட்டார்கள். மகாராஷ்டிராவும் 2025இல் அதே வழியில் போனது. புகை குறையட்டும், எனக்கும் இருமல்தான். ஆனால் பெட்ரோல் வண்டிக்கே இன்னும் தவணை கட்டுகிறவர் புது வண்டிக்கு எங்கே போவார்? மின் இருசக்கர வண்டிக்கு விலையில் 40 சதவீதம் வரை இருந்த மத்திய அரசு மானியத்தை 2023 ஜூனில் 15 ஆகக் குறைத்ததும் நினைவிருக்கலாம்.

நான் வங்கியில் கடன் பிரிவில் இருந்தவன். சம்பளச் சீட்டு இல்லை என்று எத்தனை ஆட்டோக்காரர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்! விதி அப்படி என்று அப்போது சமாதானம் சொல்லிக்கொண்டேன். இன்று இந்தப் பையன்களின் ஒவ்வொரு சவாரியும், ஒவ்வொரு ரூபாயும் கம்பெனியின் செயலியில் பதிவாகிறது. சம்பளச் சீட்டைவிட நல்ல அத்தாட்சி அது. அவர்கள் உழைப்பில் காசு பார்க்கும் கம்பெனி, அந்தக் கணக்கை வைத்துக் கடனுக்கு ஜாமீன் நிற்கட்டுமே. மெட்ரோ ஸ்டேஷன் வண்டி நிறுத்தங்களில், தீர்ந்த பேட்டரியைக் கொடுத்து நிறைந்ததை வாங்கிப் போக அரசு இடம் ஒதுக்கட்டும். இரண்டு நிமிட வேலை, வீட்டுக்காரரைக் கெஞ்ச வேண்டாம். இவை எதுவும் வராமல் உத்தரவு மட்டும் முதலில் வந்தால், ஊர்க் காற்றைச் சுத்தம் செய்யும் செலவு முழுவதும் அந்த ஒரு தம்பியின் தலையில்தான் விழும்.

இறங்கும்போது, "நீங்க சொன்னா லோன் கிடைக்குமா சார்?" என்று கேட்டார். வங்கிக்காரன் என்று வாயை விட்டதன் பலன். எங்கள் பழைய கிளைக்கு ஒரு நாள் அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். அங்கே இப்போது எனக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.