பெயர் சொல்லும் காது

மேல்நாட்டு இசை பற்றி நம் வட்டத்தில் பேச்சு வரும்போதெல்லாம் 'பெர்ஃபெக்ட் பிட்ச்' என்ற சொல் ஒரு பட்டம்போல் வந்து விழுகிறது. பியானோவில் ஒரு கட்டையைத் தட்டினால், வேறெதோடும் ஒப்பிடாமல் அதன் பெயரைச் சொல்லிவிடும் காது. இது வாய்த்தவரே பிறவி ரஸிகர், நம் வித்வான்களுக்கு ஸ்வரங்களின் உறவு 'மட்டும்'தான் தெரியும் என்று நண்பர் ஒருவர் சமீபத்தில் எழுதவும் செய்தார். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்தக் காது நினைவில் வைத்திருப்பது பெயரை. பெயர் சுட்டும் இடமோ மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 'ஏ' ஸ்வரத்துக்கு விநாடிக்கு 435 அதிர்வுகள் என்று 1859இல் பிரெஞ்சு அரசு விதித்தது. 1939இல் லண்டனில் கூடிய மாநாடு 440 என்றது. பரோக் இசையை இன்று பலர் 415இல் வாசிக்கிறார்கள். ஏறக்குறைய அரை ஸ்வரம் கீழே. கமிட்டி கூடி முடிவு செய்த எண்ணைப் பிசகாமல் ஒப்பிப்பதா இசைஞானம்? அந்த நினைவும் நிலைப்பதில்லை. பியானோ மேதை ஸ்வியாதொஸ்லாவ் ரிக்டருக்கு முதுமையில் ஸ்வரங்கள் உயர்ந்து கேட்கத் தொடங்கின. ஆனாலும் 1995 வரை அவர் மேடையில் வாசித்தார். நகர்ந்தது பெயர், இசை போய்விடவில்லை.

பியானோவே சமரசம் செய்துகொண்ட வாத்தியம். ஸ்தாயியைப் பன்னிரண்டு சம கூறுகளாக வெட்டியதால் அதன் அந்தர காந்தாரம் 5:4 என்ற இயல்பான விகிதத்தைவிடச் சற்றுத் தூக்கலாகவே நிற்கிறது. நன்றாகச் சேர்ந்த தம்பூராவின் மந்தர ஸட்ஜத்திலிருந்து தானாக எழும் காந்தாரத்தைக் கேட்டுப் பழகியவனுக்கு அது உறுத்தும். ஒரு கட்டையில் பாடினாலும் ஐந்து கட்டையில் பாடினாலும் கல்யாணி கல்யாணிதான். தோடியின் காந்தாரமோ நிற்பதே இல்லை. அசைவே அதன் ஸ்தானம். அதற்கு எந்த எண்ணை ஒட்டுவது?

நோட்டைப் பார்த்ததும் அதன் மதிப்பைச் சொல்ல வங்கிக் கவுண்டரில் உட்காரும் என்னாலும் முடிகிறது. அதனால் நான் பொருளாதார நிபுணன் ஆகிவிடவில்லை.

நம் விமர்சனத்துக்கும் இதே நோய். கவிதையைப் படித்த மறுகணம் 'இது சர்ரியலிஸம், இது படிமம்' என்று பெயர் சொல்பவரைக் காதுள்ளவர் என்று கொண்டாடுகிறோம். ஒரு சொல் அடுத்த சொல்லோடு சேர்கிறதா, அபஸ்வரமாகத் துருத்திக்கொண்டு நிற்கிறதா என்று கேட்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? பெயர் சொல்ல ஒரு விநாடி போதும். ஸ்ருதி சேர்ந்திருக்கிறதா என்று சொல்ல, வாயை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்க வேண்டியிருக்கிறது.