வண்டியை உயர்த்திய பிறகு சைலன்ஸர் இடிக்கிறதா?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: ‘‘என் பழைய ஜீப்புக்கு ஸ்பிரிங் பட்டைகளை மாற்றி இரண்டு அங்குலம் உயர்த்தியிருக்கிறேன். ரோட்டில் பிரச்னையே இல்லை. குழந்தைகளோடு ஜவ்வாது மலைக்குப் போனபோது, பள்ளத்தில் இறங்கினால் அடியில் ‘டங் டங்’ என்று இடிக்கிறது. சைலன்ஸரை வெட்டிவிட்டு, கதவுக்குக் கீழேயே குழாயை முடித்துவிடலாம் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?’’

வேண்டாம் சார். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில், உயர்த்திய வண்டியில் ஏன் இடிக்கிறது என்று பார்ப்போம்.

உங்கள் ஊர்த் தேரோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தேர் கிளம்பும் முன் வீதியில் குறுக்கே போகும் மின்கம்பிகளைக் கழற்றுவார்கள். தேர் நிற்கும்போது எவ்வளவு இடம் இருக்கிறது என்பது கணக்கில்லை. ஆடி அசைந்து வரும்போது எவ்வளவு இடம் வேண்டும் என்பதுதான் கணக்கு. ஜீப்புக்கு அடியிலும் அதே கதைதான். சைலன்ஸரும் புகைக்குழாயும் இன்ஜினிலும் சேஸிஸிலும் மாட்டப்பட்டவை. ஆக்ஸிலும் ஜாயின்ட் ஷாஃப்ட்டும் சக்கரத்தோடு ஏறி இறங்குபவை. உயர்த்தியதும் ஆக்ஸில் முன்பைவிடக் கீழே தொங்கும். ஷாஃப்ட் சாய்வு கூடும். கம்பெனி கணக்குப் போட்டு விட்ட இடைவெளி மாறிவிடும்.

இது உங்களுக்கு மட்டும் வந்த சிக்கலும் இல்லை. 2012-ல் 3.6 லிட்டர் இன்ஜினோடு வந்த ஜீப் ராங்ளரை அமெரிக்காவில் பலர் உயர்த்தினார்கள். சக்கரம் முழுதாகக் கீழே தொங்கியபோது, முன் ஷாஃப்ட்டின் ரப்பர் உறை புகைக்குழாயில் உரசிக் கிழிந்தது. குழாய் இணைப்பில் ஒரு ஸ்பேசரை வைத்து, குழாயைச் சற்றுத் தள்ளிவிடுவதுதான் அங்கே பலர் கண்ட தீர்வு. வெட்டத் தேவைப்படவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. இன்ஜின் நன்றாக ஆறட்டும். சேஸிஸை உறுதியான ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் அடியில் போகக் கூடாது. ஆக்ஸிலை முழுதாகத் தொங்கவிட்டுப் பாருங்கள். பிறகு ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் மேலே தூக்கிப் பாருங்கள். இடிக்கும் இடத்தில் உரசிப் பளபளத்த அடையாளம் இருக்கும்.

2. சந்தேகமான இடத்தில் சப்பாத்தி மாவு உருண்டையை ஒட்டி, மறுபடி ஏற்றி இறக்குங்கள். நசுங்கிய மாவில் எவ்வளவு தடிமன் மிஞ்சியிருக்கிறதோ, அதுதான் உண்மையான இடைவெளி. அசையும் எந்தப் பாகத்துக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு அங்குலமாவது இருப்பது நல்லது.

3. சைலன்ஸரைத் தாங்கும் ரப்பரையும் இன்ஜின் மவுன்ட்டையும் சோதியுங்கள். இவை தளர்ந்திருந்தால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது குழாயும் சேர்ந்து ஆடும். சில நூறு ரூபாய் ரப்பரிலேயே சத்தம் நின்றுவிடலாம்.

4. அப்போதும் இடித்தால், இடிக்கும் அந்தத் துண்டுக் குழாயை மட்டும் வேறு வளைவில் செய்து மாற்றுங்கள். விட்டம் குறையக் கூடாது. குழாயின் வாய் பழையபடி வண்டிக்குப் பின்னால்தான் முடிய வேண்டும்.

5. புதிய பாதை பிரேக் குழாய், டீசல் குழாய், வயரிங் இவற்றுக்கு அருகே போனால், நடுவே வெப்பத் தடுப்புத் தகடு போடுங்கள். பிரேக் ஆயில் கொதித்தால் மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போகும்.

இப்போது மெக்கானிக் சொன்ன யோசனைக்கு வருவோம். கதவுக்குக் கீழே புகை வந்தால், துணிக்கூரை போட்ட ஜீப்புக்குள் அது சுலபமாக நுழையும். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. முதலில் தலைவலி, மயக்கம், வாந்தி வரும். பின் சீட்டில் தூங்கும் குழந்தைக்கு அதைச் சொல்லக்கூடத் தெரியாது. உயிருக்கே ஆபத்து.

சட்டமும் இருக்கிறது. கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்புக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆகவே, உயர்த்தியதைப் பற்றியும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

காட்டுப் பாதைதான் ஆசை என்றால், கம்பெனியே அதற்காகச் செய்த வண்டிகள் இருக்கின்றன. 2020-ல் வந்த மஹிந்திரா தார் உங்களுக்குப் பக்கத்திலேயே, செங்கல்பட்டு அருகே மஹிந்திரா சிட்டியில் இருக்கும் ஆராய்ச்சி மையத்தில் உருவானது. அதன் தரை இடைவெளி 226 மி.மீ. சக்கரம் எவ்வளவு ஏறும், எவ்வளவு இறங்கும் என்று பார்த்துத்தான் அதில் குழாய் போகும் வழியை முடிவுசெய்திருப்பார்கள்.

வேலை முடிந்ததும் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஒவ்வொரு இணைப்பிலும் ‘புஸ்’ சத்தமோ கரிக்கறையோ இருக்கிறதா என்று பாருங்கள். 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு கிளாம்ப்புகளை இன்னொரு முறை முறுக்குங்கள். அடுத்த முறை ஜவ்வாது மலையில் நிறுத்தும்போது காய்ந்த புல் மேல் நிறுத்தாதீர்கள். சூடான புகைக்குழாய் பட்டாலே அது பற்றிக்கொள்ளும்.