கணக்கு வராத பிள்ளை

சென்ற மாதம் ஒரு நாள் எட்டாம் தரத்துக்குக் கணித ஆசிரியர் வரவில்லை. "மௌலவி ஸேர், இந்தப் பாடத்துக்கு நீங்கள் போய்ப் பிள்ளைகளைச் சத்தமில்லாமல் வைத்திருங்கள்" என்று என்னை அனுப்பினார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு பிள்ளையின் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். பின்னக் கணக்குகள் ஆறு. ஆறுக்கும் சிவப்பு மையால் பிழை போட்டிருந்தது.

அவள் கொப்பியை மெல்ல மூடினாள். "எனக்குக் கணக்கு வராது ஸேர். உம்மாவும் அப்படித்தான் சொல்வா. சரிவராவிட்டால் ஓதப் போட்டிடுவாங்களாம்" என்றாள்.

அவள் அழவில்லை, வெட்கப்படவும் இல்லை. மழை பெய்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னாள். அதுதான் என் மனதைச் சுட்டது. ஏனென்றால், முப்பது வருடங்களுக்கு முன்னர் அம்பிட்டியவில் கணக்கு வராத பிள்ளை என்று பெயரெடுத்தவன் நான்தான்.

அது 1992ஆம் ஆண்டு. எனக்குச் செங்கமாரி கண்டது. எண்ணெய், இறைச்சி கூடாது, ஒரு மாதம் வீட்டோடு கிடக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் டீவி இல்லை. பக்கத்து வீட்டுச் சிங்கள ஆச்சியிடம் இருந்தது. வெளிநாட்டில் வேலை செய்த அவருடைய மகன் கொண்டுவந்து கொடுத்தது. ஜப்பான் அரசின் உதவியோடு 1982 பெப்ரவரியில் ஆரம்பமான ரூபவாஹினி, நாட்டின் மிக உயரமான பிதுருதலாகலை மலையுச்சிக் கோபுரத்திலிருந்து ஒளிபரப்பானது. ஆனாலும் மலைகளுக்கிடையில் கிடக்கும் எங்கள் பகுதியில் படம் ஒழுங்காக விழாது. நான் முற்றத்தில் நின்று அன்டெனாக் கம்பத்தைத் திருப்ப, "ஹரி ஹரி, புதா!" என்று ஆச்சி உள்ளே இருந்து சத்தம் போடுவார். ஓடிவந்து சீமெந்துத் தரையில் உட்காருவேன்.

காலை வேளைகளில் பாடசாலை நிகழ்ச்சிகள் போகும். ஒரு நாள் சிங்களத்தில் பின்னப் பாடம். எனக்கு அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எப்போதும் ஐந்தில் இரண்டுதான் வரும். மேலே உள்ளதை மேலே உள்ளதோடும், கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டிவிடுவேன். அன்று அந்த ஆசிரியர் என்னைப் போலவே கூட்டினார். பிறகு தன் விடையைத் தானே சந்தேகப்பட்டார். அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அது அரையைவிடக் குறையுமா? ஐந்தில் இரண்டு அரையைவிடக் குறைவல்லவா?

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அவர் வட்டமான காட்போட் ஒன்றில் அரையையும் மூன்றில் ஒன்றையும் வைத்தார். சிறிய இடைவெளி ஒன்று மிஞ்சியது. அதற்குள் காலை வைத்துப் பார்த்தார். "அது பெரிசு" என்று ஆச்சி சிங்களத்தில் சொன்னார். அரைக்காலை வைத்தார். "இது காணாது" என்றேன் நான். ஆறில் ஒன்றை வைத்தார். கச்சிதமாகப் பொருந்தியது. பள்ளிக்கூடப் படிப்பை அதிகம் காணாத அந்த ஆச்சி கைதட்டிச் சிரித்தார். மொழியும் வேறு, மார்க்கமும் வேறு. ஆனால் அந்த இடைவெளி எங்கள் இருவருக்கும் ஒன்றுதான்.

பின்னர் நான் அரபுக் கல்லூரிக்குப் போனேன். கணக்கிலிருந்து தப்பிவிட்டோம் என்று நினைக்கும்போது பராயிள் பாடம், அதாவது வாரிசுரிமைச் சட்டம், வந்து நின்றது. ஒருவர் மனைவியையும், இரண்டு பெண் மக்களையும், தாய் தந்தையரையும் விட்டு மரணிக்கிறார். மனைவிக்கு எட்டில் ஒன்று, பெண் மக்களுக்கு மூன்றில் இரண்டு, தாய்க்கும் தந்தைக்கும் தலா ஆறில் ஒன்று. பொதுப் பகுதி எண் 24. பங்குகளோ 3, 16, 4, 4. கூட்டினால் 27! வட்டத்தைவிடத் துண்டுகள் பெரிதாகிவிட்டன. அதற்குத் தீர்வு, சொத்தை 24 ஆக அல்ல, 27 ஆகப் பங்கிடுவது. எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் குறையும். மனைவியின் எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாகிவிடும். மற்ற மாணவர்கள் இதை மனனம் செய்தார்கள். எனக்கோ ஆச்சி வீட்டு டீவியில் பார்த்த வட்டம் கண்முன் வந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதிலிருந்து அல்ஜிப்ராவைத் தந்த அல்குவாரிஸ்மியின் நூலில் ஒரு பெரும் பகுதி வாரிசுரிமைக் கணக்குகள்தான் என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

ஆகவே "கணக்கு வராத பிள்ளை ஓதட்டும்" என்று சொல்லும் பெற்றோருக்கு ஓர் உண்மையைச் சொல்கிறேன். கணக்கு அங்கேயும் காத்திருக்கிறது. நானும் ஒருகாலத்தில் ஒரு தகப்பனிடம், "பரவாயில்லை, சேர்த்துவிடுங்கள்" என்று இலேசாகச் சொன்னவன்தான். சில வருடங்களில் அந்தப் பையன் என்னைத் தேடி வந்து, "ஹஸரத், அங்கேயும் பின்னம்தானே!" என்றான். அவன் ஓதி முடிக்கவில்லை. அது இன்றுவரை என் மனதில் ஒரு பாரம்.

அண்மையில் என் மகள் போனில் ஒரு பழைய அமெரிக்க நிகழ்ச்சியைக் காட்டினாள். பெயர் 'ஸ்குவேர் வன்'. 'செஸமி ஸ்ட்ரீட்' தயாரித்த அதே நிறுவனம் 1987 முதல் 1992 வரை நடத்தியது. எண் எழுதப் பழகும் சின்னஞ்சிறுசுகளுக்கல்ல, எட்டு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்காக. அதில் 'மேத்நெட்' என்றொரு பகுதி. இரண்டு துப்பறிவாளர்கள் கணிதத்தைக் கொண்டு மர்மங்களைத் துலக்குவார்கள். ஒரு மர்மம் ஐந்து நாட்கள் ஓடும். அவர்களும் பிழை விடுவார்கள், திரும்பி யோசிப்பார்கள். அம்பிட்டியவில் நான் கண்டதும் அதுதானே என்று தோன்றியது. பெரியவர் ஒருவர் பிழைவிட்டு, பயப்படாமல், அந்தப் பிழையை உற்றுப் பார்ப்பது!

2020இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, அரசுத் தொலைக்காட்சியில் 'குருகெதர' என்று சிங்களத்திலும் 'குருகுலம்' என்று தமிழிலும் பாடங்கள் வந்தன. பெரிய உதவி, நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அவை பெரும்பாலும் பரீட்சையை நோக்கிய பாடங்கள். சிறு குழந்தைக்குக் கார்ட்டூன் இருக்கிறது, சாதாரண தரப் பிள்ளைக்கு டியூசன் இருக்கிறது. பதினொன்றுக்கும் பதினான்குக்கும் இடைப்பட்ட பிள்ளைக்கு என்ன இருக்கிறது? கணக்கின் மீது பயம் குடியேறுவது அந்த வயதில்தானே! அந்தப் பயம் எத்தனை பிள்ளைகளின் வாசலை மூடுகிறது!

பெற்றோர்களே, உங்களுக்குக் கணக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆச்சிக்கும் தெரியாது. பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து "அது பெரிசு, இது காணாது" என்று சொல்ல ஓர் ஆள் போதும். ரொட்டியை வெட்டும்போது கேளுங்கள். சீலைத் துணியை அளக்கும்போது கேளுங்கள். "உனக்கு வராது" என்ற வார்த்தையை மட்டும் வீட்டில் சொல்லாதீர்கள்.

அன்று வகுப்பில் நான் கரும்பலகையில் வட்டம் கீறினேன். அரையோடு சேர்த்தால் அரையைவிடக் குறையுமா என்று கேட்டேன். அந்தப் பிள்ளை சற்று நேரம் வட்டத்தையே பார்த்தாள். "குறையாதே ஸேர்..." என்று இழுத்தாள். பிறகு கொப்பியைத் திறந்து, முதல் கணக்கைத் தானாகவே வெட்டிவிட்டுத் திரும்ப எழுதத் தொடங்கினாள்.

மற்ற ஐந்தும் அப்படியே பிழையாகத்தான் இருந்தன. மணி அடித்துவிட்டது. ஆனால் கொப்பி திறந்தே இருந்தது.